பொதியும் பொறுப்பும்

தோற்றுவாய்

கணிப்பொறி என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன ஒளிரும் திரையும், அதில் விரியும் வண்ணப் படங்களும் ஆகும். ஆயினும் உலகின் பெரும்பணிகளைச் செய்துவரும் கணிப்பொறிகள் பலவற்றுக்குத் தமக்கெனத் திரையே இல்லை. மின்னஞ்சலைச் சேர்ப்பிப்பனவும், வங்கிக் கணக்கைக் காட்டுவனவும், தேர்வு முடிவுகளை வெளியிடுவனவும் எங்கோ ஓர் அறையில் இரவும் பகலும் இயங்கும் இத்தகைய கணிப்பொறிகளேயாம். பிற கணிப்பொறிகள் கேட்பதை வழங்குவதால் இவற்றை 'வழங்கி' என்கிறோம். 'சர்வர்' என்பது வழக்கிலுள்ள சொல். இவற்றைப் பேணுவோர் இவற்றோடு பெரும்பாலும் எழுத்தாலேயே உரையாடுகின்றனர். கரிய பின்புலத்தில் ஒரு வரியில் கட்டளையைத் தட்டுகின்றனர். வழங்கியும் எழுத்திலேயே விடை தருகிறது. இதனைக் 'கட்டளைவரி' என்பர்.

தமிழ்த்துறை மலரில் இச்செய்திக்கு என்ன இடம் என்று மாணவர்கள் வினவக்கூடும். நம் துறை நூலகத்தின் ஒரு மூலையில் சில ஆண்டுகளாகச் சிறு வழங்கி ஒன்று இயங்கி வருகிறது. பழைய ஆண்டு மலர்களும், நம் மாணவர்தம் ஆய்வேடுகளும், நூற்பட்டியலும் அதில் சேமிக்கப்பட்டுள்ளன. அதனைப் பேணும் பொறுப்பு, கணிப்பொறிக் கல்வி முறையாகப் பெறாத என்னிடம் வந்து சேர்ந்தது. நான் கற்றவற்றையும், கற்கும்போது இழைத்த பெரும்பிழை ஒன்றையும் இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

பொதி என்பது யாது?

வழங்கியில் இயங்கும் மென்பொருள் ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இருப்பதில்லை. இயங்கும் நிரல் ஓரிடத்திலும், அதன் அமைப்புக் கோப்பு வேறோரிடத்திலும், விளக்கக் குறிப்பு மற்றோரிடத்திலுமாக நூற்றுக்கணக்கான கோப்புகள் சிதறிக் கிடக்கும். இவை அனைத்தையும் ஒன்றாகக் கட்டி, எது எங்கே செல்ல வேண்டும் என்ற குறிப்பையும் உடன்வைத்து அனுப்பும் மூட்டையே 'பொதி' ஆகும். ஆங்கிலத்தில் 'பேக்கேஜ்' என்பர்.

நம் வழங்கியில் இயங்குவது லினக்ஸ் வகையைச் சார்ந்த டெபியன் என்னும் இயக்குதளம். டெபியன் பொதி ஒன்றை அவிழ்த்துப் பார்த்தால் அதனுள் மூன்று உறுப்புகளைக் காணலாம். பொதி வடிவத்தின் பதிப்பெண்ணைக் கூறும் சிறு கோப்பு ஒன்று. பொதியின் பெயர், பதிப்பு, பேணுபவர், விளக்கம் ஆகியவற்றையும், நிறுவும்போதும் நீக்கும்போதும் இயக்க வேண்டிய சிறு நிரல்களையும் கொண்ட கட்டுப்பாட்டுப் பகுதி மற்றொன்று. உண்மையான கோப்புகள் அடங்கிய பகுதி மூன்றாவது. நூலுக்குப் பாயிரம் எவ்வாறோ, பொதிக்குக் கட்டுப்பாட்டுப் பகுதி அவ்வாறு எனலாம்.

சார்பு

அப்பாயிரத்தில் மிக இன்றியமையாத வரி 'சார்பு' பற்றியதாகும். தமிழிலக்கணத்தில் முதலெழுத்து, சார்பெழுத்து என்ற பாகுபாட்டை நாம் பயின்றுள்ளோம். குற்றியலுகரமும் ஆய்தமும் தனித்து இயங்கா. பிற எழுத்துகளைச் சார்ந்தே ஒலிக்கும். மென்பொருட் பொதிகளுள்ளும் பெரும்பாலானவை இவ்வாறே பிற பொதிகளைச் சார்ந்து நிற்பவை. படத்தைக் காட்டும் மென்பொருள், படத்தைப் படிக்கும் நிரலகத்தைச் சார்ந்திருக்கும். அந்நிரலகம் சுருக்கிய கோப்பை விரிக்கும் வேறொரு நிரலகத்தைச் சார்ந்திருக்கும். இச்சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலுள்ளது இயங்காது.

தொடக்கத்தில் இச்சார்புகளை மனிதரே தேடி ஒன்றன்பின் ஒன்றாக நிறுவ வேண்டியிருந்தது. ஒன்றை நிறுவப் போனால் அது மற்றொன்றைக் கேட்கும்; அதனைத் தேடிக் கொணர்ந்தால் அது வேறிரண்டைக் கேட்கும். இவ்விடரை நீக்கவே பொதி மேலாண்மைக் கருவிகள் தோன்றின.

வரலாறு

அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக மாணவராயிருந்த இயன் மர்டாக் என்பார் 1993 ஆகஸ்டு 16ஆம் நாள் டெபியன் திட்டத்தை அறிவித்தார். பின்னாளில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அப்பெயரை அமைத்தார். பொதியை அவிழ்த்து நிறுவும் 'டி.பி.கே.ஜி.' என்னும் கருவி 1994இல் உருப்பெற்றது. இயன் ஜாக்சன் என்பார் அதன் மையப்பகுதியைச் சி மொழியில் எழுதினார். இக்கருவி, சார்பு நிறைவேறவில்லையெனில் அதனைச் சுட்டிக்காட்டி நிற்கும். தானே சென்று தேடாது. தேடிக் கொணரும் 'ஆப்ட்' என்னும் கருவி 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்போடு பரவலாயிற்று. 2004இல் தோன்றிய உபுண்டுவும் இவ்வழியையே பின்பற்றுகிறது. ரெட் ஹேட் மரபைச் சார்ந்த இயக்குதளங்களில் 'ஆர்.பி.எம்.' என்னும் பொதி வடிவமும், அதனைக் கையாளும் 'யம்', 'டி.என்.எஃப்.' ஆகிய கருவிகளும் வழக்கில் வந்தன. பெயர் வேறாயினும் கருத்து ஒன்றே.

2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13ஆம் பதிப்பின் களஞ்சியத்தில் 69,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. தமிழ் எழுத்துருப் பொதிகளும் அவற்றுள் அடக்கம். இவை அனைத்தும் விலையின்றிக் கிடைப்பவை; பெரும்பான்மையும் தன்னார்வலர்களால் பேணப்படுபவை.

இன்றியமையாக் கட்டளைகள்

கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகின்றேன். நிறுவலும் நீக்கலும் வழங்கி முழுவதையும் பாதிக்கும் செயல்கள். ஆதலின் அவற்றுக்கு ஆட்சியாளர் உரிமை வேண்டும். கட்டளைக்கு முன் 'சூடோ' என்று தட்டி அவ்வுரிமையைப் பெறலாம்.

முதலாவது 'ஆப்ட் அப்டேட்'. புதியோர் பலரும் மயங்கும் இடம் இது. இக்கட்டளை எந்த மென்பொருளையும் மாற்றுவதில்லை. களஞ்சியத்தில் இன்று என்னென்ன பொதிகள் எந்தெந்தப் பதிப்பில் உள்ளன என்னும் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். நூலகத்தில் புதிய நூற்பட்டியலை வாங்கி வைப்பது போன்றது. நூல் இன்னும் வரவில்லை.

இரண்டாவது 'ஆப்ட் அப்கிரேட்'. அப்பட்டியலை நோக்கி, நம்மிடமுள்ள பழைய பதிப்புகளுக்கு மாற்றாகப் புதியனவற்றைக் கொணர்ந்து நிறுவுவது இதுவே. இது எந்தப் பொதியையும் நீக்காது. தேவையெனில் நீக்கவும் செய்யும் 'ஃபுல்-அப்கிரேட்' என்னும் கட்டளை வேறு. அதனை மிக்க கவனத்தோடு கையாள வேண்டும்.

'ஆப்ட் சர்ச்' தேடித் தரும். 'ஆப்ட் ஷோ' ஒரு பொதியின் பாயிரத்தைக் காட்டும். 'ஆப்ட் இன்ஸ்டால்' நிறுவும். நீக்குதற்கு இரு கட்டளைகள் உண்டு. 'ரிமூவ்' என்பது நிரலை நீக்கி அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பர்ஜ்' என்பது அமைப்புக் கோப்புகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். பிற பொதிகளின் சார்புக்காகத் தாமே வந்து, இப்போது எதற்கும் தேவைப்படாமல் எஞ்சி நிற்பனவற்றை 'ஆட்டோரிமூவ்' அகற்றும்.

இவற்றுள் பலவும் செயற்படுமுன் ஒரு பட்டியலைக் காட்டும். இவை நிறுவப்படும், இவை மாற்றப்படும், இவை நீக்கப்படும் என்று வரிசைப்படுத்தி, தொடரலாமா என வினவும். 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்தைத் தட்டினால் ஆம் என்று பொருள். எழுத்தைத் தட்டாமல் எண்டர் விசையை மட்டும் அழுத்தினாலும் ஆம் என்றே கருவி கொள்ளும். நான் தவறியது இவ்விடத்திலேதான்.

ஒரு பட்டறிவு

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் வழங்கியின் வட்டில் இடம் குறைந்துவிட்டது. எதனை நீக்கலாம் எனத் தேடியபோது 'பெர்ல்' என்னும் பொதி கண்ணிற்பட்டது. பெர்ல் ஒரு நிரல்மொழி என்று அறிவேன். நம் துறையில் அம்மொழியில் எழுதுவார் ஒருவரும் இலர். எனவே அது வேண்டாப் பொருள் என முடிவு செய்தேன். 'ரிமூவ்' கட்டளையைத் தட்டினேன். நீண்டதொரு பட்டியல் ஓடியது. படிக்கப் பொறுமையின்றி 'ஒய்' என்று தட்டிவிட்டு வகுப்புக்குச் சென்றேன்.

மாலையில் ஆய்வு மாணவி ஒருவர் வந்து, நூற்பட்டியல் திறக்கவில்லை என்றார். சென்று பார்த்தேன். நூற்பட்டியலைத் தாங்கி நின்ற மரியாடிபி என்னும் தரவுத்தள மென்பொருளே காணவில்லை! மாணவர்கள் ஈராண்டுக் காலம் ஒவ்வொரு நூலாக எடுத்துப் பதிந்த பட்டியல் அது. படியெடுத்து வைக்கும் வழக்கத்தையும் அந்நாளில் நான் மேற்கொண்டிருக்கவில்லை. அவ்வேளையில் என் நெஞ்சம் பட்ட பாட்டை எழுத்தில் வடிக்க இயலாது.

நம் கல்லூரியில் பயின்று, சென்னையில் கணிப்பொறிப் பணியிலிருக்கும் மாணவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைக் கேட்டவர் முதலில் வினவியது இதுதான்: "ஐயா, 'ரிமூவ்' என்று தட்டினீர்களா, 'பர்ஜ்' என்று தட்டினீர்களா?" ரிமூவ் என்றேன். "அப்படியானால் கவலை வேண்டாம் ஐயா. மென்பொருள்தான் போயிருக்கும், நீங்கள் பதிந்த தரவு அப்படியே இருக்கும்" என்றார்.

அவர் சொன்னபடி ஆப்ட் எழுதி வைக்கும் 'ஹிஸ்டரி' என்னும் பதிவுக் கோப்பைத் திறந்தேன். நான் எந்நாள், எந்நேரத்தில், எக்கட்டளையைத் தட்டினேன் என்பதும், அதனால் நீக்கப்பட்ட நாற்பதுக்கு மேற்பட்ட பொதிகளின் பெயர்களும் அதில் வரிசையாக இருந்தன. தரவுத்தள மென்பொருள், தன் துணை நிரல்களுக்காகப் பெர்லைச் சார்ந்திருந்தது. சார்ந்து நின்றதன் அடித்தளத்தை நான் உருவியதால் மேலிருந்ததும் உடன் சென்றது. பட்டியலிலிருந்த பொதிகளை மீண்டும் நிறுவினோம். நூற்பட்டியல் ஓர் எழுத்தும் குறையாமல் திறந்தது. 'பர்ஜ்' என்று தட்டியிருப்பேனாயின் நிலை வேறாகியிருக்கக்கூடும்.

கருவி என்னை ஏமாற்றவில்லை. எவையெவை நீக்கப்படும் என்று எனக்கு முன்னரே காட்டியது. படிக்காமல் ஒப்புதல் தந்தவன் நானே. இயக்குதளத்துக்கு உயிர்நாடியான பொதிகளை நீக்க முற்பட்டால், ஆப்ட்டின் முன்னைய பதிப்புகள் ஓர் எழுத்தோடு நிறைவடையா. 'ஆம், நான் சொல்வதுபோலவே செய்' என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியத்தை முழுமையாகத் தட்டச் சொல்லும். பின்வந்த பதிப்புகளில் இக்காப்பு மேலும் இறுக்கப்பட்டது. ஆயினும் தரவுத்தளம் இயக்குதளத்துக்கு உயிர்நாடியன்று. நமக்கு மட்டுமே உயிர்நாடி. அவ்வேறுபாட்டைக் கருவி அறியாது, பேணுபவரே அறிவார்.

முத்திரையின் தொடர்

இனி, எங்கோ ஒரு நாட்டிலுள்ள களஞ்சியத்திலிருந்து வரும் பொதியை எவ்வாறு நம்புவது என்னும் வினா எழுகிறது. ஆட்சியாளர் உரிமையோடு நிறுவப்படும் பொதி, வழங்கியில் எதனையும் செய்ய வல்லது. வழியில் ஒருவர் அதனை மாற்றியிருந்தால் என் செய்வது?

இதற்கு அமைந்துள்ள முறை எளியதும் அழகியதுமாகும். ஒரு கோப்பின் உள்ளடக்கம் முழுவதையும் கணக்கிட்டு ஒரு நீண்ட எண்ணாகச் சுருக்கும் 'ஷா-256' என்னும் முறை உண்டு. கோப்பில் ஒரு காற்புள்ளி மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். களஞ்சியத்தின் பொதிப் பட்டியலில் ஒவ்வொரு பொதிக்கும் அவ்வெண் குறிக்கப்பட்டுள்ளது. அப்பட்டியலுக்குரிய எண், வெளியீட்டுக் கோப்பு என்னும் மற்றொரு கோப்பில் குறிக்கப்பட்டுள்ளது. அவ்வெளியீட்டுக் கோப்பின்மீது டெபியன் திட்டத்தார் தம் மறைச்சாவியால் மின் கையொப்பம் இடுகின்றனர். நம் வழங்கி கையொப்பத்தைச் சரிபார்க்கிறது; அதனைக் கொண்டு பட்டியலையும், பட்டியலைக் கொண்டு பொதியையும் சரிபார்க்கிறது. ஒரே கையொப்பம் பல்லாயிரம் பொதிகளுக்குக் காவலாகி நிற்கிறது. 2007 ஏப்ரலில் வெளிவந்த 4.0 பதிப்பு முதல் டெபியனில் ஆப்ட் இச்சரிபார்ப்பைத் தானாகவே செய்து வருகிறது. கையொப்பம் பொருந்தவில்லை என்று எச்சரிக்கை வருமாயின், அதனைப் புறக்கணிக்கும் வழியை எங்கேனும் படித்து அவ்வாறே தட்டுதல் ஆகாது.

இரு நிகழ்ச்சிகள்

கையொப்பம், பொதி களஞ்சியத்திலிருந்து மாறாமல் வந்தது என்பதற்கே சான்று. பொதியைக் கட்டியவர் பிழை செய்யவில்லை என்பதற்கு அது சான்றாகாது. இதனை விளக்க இரு நிகழ்ச்சிகளைக் காட்டலாம்.

2006இல் டெபியனில் 'ஓபன் எஸ்.எஸ்.எல்.' என்னும் மறைக்குறியீட்டுப் பொதியைப் பேணியோர், பிழை காட்டும் கருவி ஒன்று குறைகூறியதால் அதன் மூலநிரலில் ஒரு செயலை நீக்கினர். அது பயனற்றதெனத் தோன்றியது. உண்மையில், மறைச்சாவி உருவாகும்போது கணித்தறிய முடியாத எண்களைச் சேர்ப்பது அப்பகுதியே. அதன்பின் உருவான சாவிகள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும் ஏறத்தாழ 32,000 வாய்ப்புகளுக்குள் அடங்கிவிட்டன. கணிப்பொறிக்கு இது மிகச் சிறிய எண். லூசியானோ பெல்லோ என்பார் இதனைக் கண்டறிய, 2008 மே 13ஆம் நாள் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. புதிய பொதியை நிறுவினால் மட்டும் போதவில்லை. பழுதுற்ற பொதியால் உருவான சாவிகளை எல்லாம் அழித்துப் புதியனவற்றை உருவாக்க வேண்டியதாயிற்று. ஏடெழுதுவோர் ஒருவர், பொருள் விளங்கவில்லை என்று ஓர் அடியை விட்டுவிட்டால் பின்வரும் படிகள் யாவும் பழுதுறுவதை நாம் அறிவோம். இங்கும் அதுவே நிகழ்ந்தது.

இரண்டாவது நிகழ்ச்சி பிழையன்று, வஞ்சகம். கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசட்.' என்னும் சிறு பொதியைப் பல்லாண்டுகளாக ஒருவரே ஓய்வு நேரத்தில் பேணி வந்தார். ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் ஈராண்டுகளுக்கு மேலாக உதவிகள் செய்து, நம்பிக்கையைப் பெற்று, பேணுபவருள் ஒருவரானார். 2024இல் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில், தொலைவிலிருந்து வழங்கிக்குள் நுழைவதற்கான கள்ளவழி ஒன்று மறைத்து வைக்கப்பட்டது. ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்னும் பொறியாளர், டெபியனின் நிலையற்ற பதிப்பில் பணியாற்றுகையில், உள்நுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதை நோக்கினார். அரை வினாடிதானே என்று விடாது ஆராய்ந்து, மார்ச் 29ஆம் நாள் உண்மையை வெளியிட்டார். டெபியனின் நிலைத்த பதிப்பிற்குள் அப்பொதி புகுமுன்னரே அது தடுக்கப்பட்டது. கள்ளவழியைத் தூண்டும் பகுதி, யாவரும் பார்க்கும் மூலநிரல் சேமிப்பில் இல்லை. வெளியீட்டுக் கட்டில் மட்டுமே இருந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டது எதற்கு என்பதை இந்நிகழ்ச்சி மீண்டும் உணர்த்துகிறது. மூலநிரலிலிருந்து யார் உருவாக்கினும் ஓர் எண்மியும் மாறாத பொதியே கிடைக்க வேண்டும் என்னும் குறிக்கோளோடு டெபியனிலும் பிற திட்டங்களிலும் இன்று முயற்சிகள் நடைபெறுகின்றன.

நடைமுறை நெறிகள்

சிறு வழங்கி ஒன்றைப் பேணுவோர் கைக்கொள்ளத் தக்கனவாக, என் பட்டறிவில் கண்ட சிலவற்றைத் தொகுத்துரைக்கின்றேன்.

நிலைத்த பதிப்பையே பயன்படுத்துக. அதில் மென்பொருளின் பதிப்பெண் பெரும்பாலும் மாறாது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் பழைய பதிப்பிலேயே பொருத்தித் தரப்படும். 'பதிப்பு பழையதாயிற்றே' என்று வருந்த வேண்டுவதில்லை. டெபியன் பதிப்பு ஒவ்வொன்றுக்கும், நீட்டித்த காலமும் சேர்த்து, ஏறத்தாழ ஐந்தாண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். அக்காலம் முடியுமுன் அடுத்த பதிப்புக்கு மாறுவது கடமை.

வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அப்டேட், அப்கிரேட் இரண்டையும் அம்முறையே செய்க. அதற்குமுன் தரவைப் படியெடுத்து வேறோரிடத்தில் வைக்க. பெரிய மாற்றமாயின், '-எஸ்' என்னும் குறியோடு ஆப்ட்-கெட் கட்டளையைத் தட்டினால் எதனையும் மாற்றாமல் என்ன நிகழும் என்பதை மட்டும் காட்டும். அதனை முதலில் செய்து பார்க்க. நாம் திருத்திய அமைப்புக் கோப்பு ஒன்றின் புதிய வடிவம் வந்தால், பழையதை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா எனக் கருவி வினவும். விசையை வெறுமனே அழுத்தினால் நம்முடையதே நிலைக்கும். எனினும் வேறுபாட்டைக் காட்டச் சொல்லிப் படித்தபின் முடிவு செய்வதே முறை. அறியாத களஞ்சியங்களின் சாவிகளைச் சேர்த்தல் வேண்டா.

நிறைவாக

நீக்கப்படும் என்னும் தலைப்பின்கீழ் வரும் பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்த பின்னரே இன்று நான் ஒப்புதல் தருகின்றேன். மாணவர்கள் சிலர் அதைக் கண்டு புன்னகைப்பதுண்டு. கையொப்பம் இடுமுன் ஆவணத்தை முழுதும் படிக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தந்தது இதற்கும் பொருந்தும் என்பேன்.

ஆட்சிக் குழுவிலும் சமுதாயத்திலும் உள்ள பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். மென்பொருள் விலையின்றிக் கிடைக்கலாம். அதனைப் பேணுதற்குரிய நேரம் விலையின்றிக் கிடைப்பதன்று. எக்ஸ்.இசட். நிகழ்ச்சியில் ஒருவர்மீதே முழுச்சுமையும் இருந்தது வஞ்சகருக்கு வாய்ப்பாயிற்று. நம் வழங்கியின் சாவியும் இன்று என் ஒருவனிடமே உள்ளது. இவ்வாண்டு மாணவர் இருவர்க்கு இக்கட்டளைகளைக் கற்பித்து, என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று நாளிட்டு எழுதும் பதிவேடு ஒன்றையும் தொடங்க எண்ணியுள்ளேன். ஆர்வமுள்ள மாணவர்கள், எத்துறையினராயினும், வெள்ளிக்கிழமை நீங்கலாக எந்நாளும் மாலை நான்கு மணிக்குத் துறை நூலகத்துக்கு வரலாம். பதிவேட்டின் முதற்பக்கத்தில் பெர்லை நீக்கிய கதையை நானே எழுதி வைத்துள்ளேன்.